ஒரே வேலை... ரெண்டு கணக்கு!

உங்களுக்குத் தெரிந்த நிருபர் யாரையாவது பிடித்து உட்கார வைத்து, "இந்த வேலைக்கு ஏன் சார் வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் ஒரு பெருமூச்சு. "வேற வேலை கிடைக்கலைங்க" என்பார். இன்னொரு டீ சொன்னால்தான் நிஜம் வரும். தப்பு செய்கிறவனைத் தட்டிக் கேட்கணும். நாலு பேருக்குத் தெரியாததைத் தெரியப்படுத்தணும். நம்ம பேரை அச்சில் பார்க்கணும். (இந்தக் கடைசி ஐட்டம் மட்டும் சன்னமான குரலில் வரும்!)

இப்போது 'சார்' இருந்த இடத்தில் 'மேடம்' போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். அதே சிரிப்பு, அதே பெருமூச்சு, அதே பதில். டீக்குப் பதில் காபி. அவ்வளவுதான் வித்தியாசம்!

நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே தெரிந்த பத்திரிகைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை, ஆணும் பெண்ணுமாக, இப்படித் துளைத்துக் கொண்டிருக்கிறேன். இது ஆராய்ச்சி இல்லை, சுத்தமான வம்பு. நிஜமான ஆராய்ச்சியை வேறு இரண்டு பேர் செய்து, 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 18 நாடுகளில் 1,800 பத்திரிகையாளர்களிடம் 'உங்கள் தொழில் எதற்காக இருக்கிறது? அதிகாரத்தைக் கண்காணிக்கவா, ஜனங்களுக்கு விவரம் சொல்லவா, சமுதாயத்தைத் திருத்தவா?' என்று விலாவாரியாகக் கேட்டார்கள். (பட்டியலில் நம் நாடு இல்லை. பிரேசில் இருக்கிறது, உகாண்டா இருக்கிறது.) கடைசியில் ஆண்களின் பதிலையும் பெண்களின் பதிலையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால்... சொல்லிக் கொள்கிற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்லை!

சரி, அப்போ பிரச்னையே இல்லையே, கட்டுரையை இத்தோடு முடித்துக் கொள்ளலாமே என்கிறீர்களா? பொறுங்கள். நான் பி.காம். படித்தவள். எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. லாப நட்டக் கணக்கில் வலது பக்கம் வரவு, இடது பக்கம் செலவு. அந்த ஆராய்ச்சி பார்த்தது வலது பக்கத்தை. இந்த வேலையிலிருந்து என்ன கிடைக்கும், எதை நம்பி இதைச் செய்கிறோம் என்ற பக்கம். அங்கே இரண்டு பேருக்கும் ஒரே எழுத்து. இடது பக்கத்தைப் புரட்டினால்தான் சமாச்சாரம்.

அதற்கு முன்னால் இந்த 'பெண் பார்வை' என்ற பூதத்தை ஓட்டிவிடுகிறேன்.

பத்திரிகை ஆபீஸ்களில் வெகுகாலமாக ஒரு பாகப்பிரிவினை உண்டு. கோட்டை, கட்சி ஆபீஸ், கொலை, கொள்ளை எல்லாம் அண்ணன்களுக்கு. கல்வி, ஆரோக்கியம், கோலம், குழந்தை வளர்ப்பு, ஒட்டடை அடிப்பது எப்படி என்பதெல்லாம் தங்கச்சிகளுக்கு. கேட்டால், "பெண்களுக்குன்னு ஒரு மென்மையான பார்வை இருக்குல்லம்மா" என்பார்கள்.

1992 ஏப்ரல் 23. டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு செய்தி வந்தது. ஸ்டேட் பாங்க் கணக்கில் 500 கோடி ரூபாய் இடிக்கிறது என்று. அதிலிருந்து நூல் பிடித்துப் போனதுதான் ஹர்ஷத் மேத்தா ஊழல். எழுதியவர் சுசேதா தலால். பாங்க் ரசீது, அரசாங்கக் கடன் பத்திரம், புரோக்கர் கணக்கு... இதில் மென்மையான பார்வைக்கு எங்கே இடம்? கல்லூரியில் இந்த ஊழலை எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். ஹர்ஷத் மேத்தா பெயரைப் பத்துத் தடவை சொன்ன பேராசிரியர், கண்டுபிடித்தவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்புறம் டி.வி. தொடர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

போஃபர்ஸ் விவகாரத்தில் ஜெனீவாவிலிருந்து ஆவணங்களைத் தேடிப் பிடித்து 'இந்து'வுக்கு அனுப்பியவர் சித்ரா சுப்ரமணியம். பீரங்கி! அதைவிட 'ஆண்' சப்ஜெக்ட் உண்டா?

இப்போது மறுபக்கம். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்கிறார்கள் என்ற விஷயத்தை 1986 ஜூனில் 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டு, நாடே அதிர்ந்தது. தாய், சேய், தொட்டில் எல்லாம் வருகிற அந்தக் கட்டுரையை எழுதியவர் எஸ்.எச்.வெங்கட்ரமணி. மீசை வைத்த இனம்தான்!

ஆக, எதைச் செய்தி என்று நினைக்கிறோம் என்பதில் ஆண் மூளை, பெண் மூளை என்று தனித்தனி இல்லை. யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்பதில்தான் தனித்தனி.

இந்த இடத்தில் ஒரு நாடகத்தைச் சொல்லியாக வேண்டும். 1981-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் அஸ்வினி சரின், மத்தியப் பிரதேசத்தில் பெண்களை விற்கிறார்கள் என்பதை நிரூபிக்க, ஒரு பெண்ணைத் தானே விலை கொடுத்து வாங்கி வந்து எழுதினார். பெரிய பரபரப்பு. அதை வைத்து விஜய் டெண்டுல்கர் 'கமலா' என்று மராத்தியில் நாடகம் எழுதினார். நாடகத்தில் வாங்கி வரப்பட்ட அந்தக் கமலா, நிருபரின் மனைவியைப் பார்த்து, உன்னை எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்று வெகு இயல்பாக விசாரிப்பாள். நிருபர் நேர்மையானவர்தான். கொள்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக் கணக்குதான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. (நாடகத்து நிருபரைச் சொல்கிறேன். நிஜ நிருபர் மேல் பழி போட்டுவிடாதீர்கள்.)

ம்... செலவுப் பக்கத்துக்கு வருவோம்.

முதல் ஐட்டம், தண்ணீர். தேர்தல் பிரசாரத்துக்குத் தலைவர் வேன் பின்னாலேயே நாள் முழுக்கப் போக வேண்டும். என் சிநேகிதி ஒருத்தி காலையில் அரை டம்ளர் காபியோடு கிளம்புவாள். அதற்கப்புறம் ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விரதமெல்லாம் இல்லை. குடித்தால் போவதற்கு இடம் வேண்டுமே! ஆண்களுக்கு ஊர் முழுக்கச் சுவர். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதி வேறு வழிகாட்டியிருக்கிறார்கள். இவள் மே மாத வெயிலில் தொண்டை வறண்டு, கூட்டத்தில் இடிபட்டு, தலைவர் பேச்சைக் குறிப்பெடுத்துக் கொண்டு வந்தாள். தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவர் கோட்டைக்குப் போனார். இவள் மூத்திரக் கடுப்புக்கு டாக்டரிடம் போனாள்.

இரண்டாவது, டீக்கடை. க்ரைம் செய்திகள் போலீஸ் அறிக்கையில் கிடைப்பதைவிட, ராத்திரி பத்து மணிக்குமேல் ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் அதிகம் கிடைக்கும். ஆண் நிருபர் போய் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்தால் அதற்குப் பெயர் 'சோர்ஸ்'. பெண் நிருபர் போய் நின்றால் அதுவே செய்தி!

மூன்றாவது, வசவு. கட்டுரை பிடிக்கவில்லை என்றால் ஆண் நிருபருக்கும் திட்டு வருகிறது. "எவ்வளவு வாங்கினே?" என்று கேட்பார்கள். பெண் நிருபருக்கு வருகிற திட்டில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வியே இருக்காது. உடம்பு சம்பந்தப்பட்டதுதான் இருக்கும். செல்போன் வந்த பிறகு அது படுக்கையறைக்கே வந்து சேருகிறது. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேரை பிளாக் செய்வதை ஒரு தினசரிக் கடமையாகவே வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தெரியும்.

ஊரறிந்த சம்பவம் ஒன்று. 2018 ஏப்ரல் 17. சென்னை ராஜ்பவனில் பத்திரிகையாளர் சந்திப்பு. அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளிடம் பேசியதாக வெளியான ஆடியோ பற்றி விளக்கம் சொல்ல அன்றைய கவர்னர் பன்வாரிலால் புரோஹித் கூட்டியிருந்தார். முடிகிற நேரத்தில் ஒரு பெண் நிருபர் கேள்வி கேட்டார். கவர்னர் பதில் சொல்லவில்லை. நிருபரின் கன்னத்தில் தட்டினார். கண்டனம் எழுந்தது. மறுநாள், உங்களைப் பேத்தி மாதிரி நினைத்துத்தான் தட்டினேன் என்ற ரீதியில் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்.

தாத்தா பாசம் இருக்கட்டும். அன்றைக்கு ராஜ்பவனில் எத்தனையோ ஆண் நிருபர்களும் இருந்தார்களே... பேரன் என்று யார் கன்னமும் தட்டப்படவில்லையே! ஆண் நிருபர் கேள்வி கேட்டால் அதிகபட்சம் பதில் வராமல் போகும். இந்த நிருபருக்குப் பதிலும் வரவில்லை, கேட்ட கேள்வி என்ன என்பதும் காணாமல் போய்விட்டது. மறுநாள் பேப்பரில் கேள்வி இல்லை, கன்னம்தான் இருந்தது.

இதெல்லாம் புதுச் செலவில்லை. ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் அவர் பெயரில் வரவில்லை, கணவர் மானெக்ஷா பெயரில் வந்தன. நம்மூரில் இதற்கு நேர் தலைகீழ். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால், இன்னொரு ரங்கராஜன் தன் மனைவி பெயரை வைத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். ஆண், மனைவி பெயரில் எழுதினால் புனைபெயர். பெண், கணவர் பெயரில் வெளியிட்டால் அது நிர்ப்பந்தம். ஹோமாய் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். புடவை கட்டிய பொம்பளை கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னவோ விளையாடுகிறாள் என்று யாரும் கண்டுகொள்ளவில்லையாம். அந்த அலட்சியத்தைப் பயன்படுத்தியே நல்ல நல்ல படங்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாராம். கெட்டிக்காரி! வாராக் கடனை வசூல் பண்ணியிருக்கிறார். 1970-ல் கேமராவைக் கீழே வைத்தார். 2011-ல் பத்ம விபூஷண் தேடி வந்தது.

1965 யுத்தத்தின்போது பிரபா தத், போர்முனைக்கு அனுப்புங்கள் என்று ஹிந்துஸ்தான் டைம்ஸில் கேட்டார். பெண்ணை அனுப்ப முடியாது என்றார்கள். விட்டாரா? லீவு போட்டார். சொந்தமாகக் கிளம்பி கேம்கரண் பக்கம் போய், அங்கிருந்து செய்தி அனுப்ப ஆரம்பித்தார். செய்தி பத்திரிகையில் வந்தது. எனக்கு இதில் போரைவிட அந்த லீவுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆண் நிருபர் யுத்தத்துக்குப் போனால் ஆபீஸ் செலவு. இவர் போனது சொந்த லீவுக் கணக்கில்!

நம் வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-லேயே 'ஜகன்மோகினி'யை வாங்கி ஆசிரியராக உட்கார்ந்துவிட்டார். அவரை யார், 'ராத்திரி வேலைக்கு வேணாம்மா' என்று சொல்ல முடியும்? முதலாளியே அவர்தானே! ஆசிரியர் நாற்காலி வேண்டுமென்றால் பத்திரிகையையே வாங்கு என்பதுதான் அன்றைக்கிருந்த ஒரே வழி போலிருக்கிறது.

நிற்க. ஆண்களுக்குச் செலவே இல்லை என்று நான் சொன்னால் எனக்குச் சோறு போடுகிற ஆசிரியர்களே அடிக்க வருவார்கள். அவர்களுக்கும் உண்டு. கலவரம் என்றால் முதலில் ஓடுவது அவர்கள்தான். மணல் லாரியைப் படம் எடுத்து அடி வாங்குகிற தாலுகா நிருபர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கல்யாணச் சந்தையில் இன்னும் மோசம். "மாப்பிள்ளை என்ன பண்றார்?" "பத்திரிகையில இருக்கார்." "அது சரி... வேலை என்ன பண்றார்?" நாற்பது வயதில் வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது, ஆசை ஆசையாக வந்த தொழிலை விட்டுவிட்டு ஏதோ கம்பெனியின் மக்கள் தொடர்பு வேலைக்குப் போன இரண்டு பேர் எனக்குப் பழக்கம். அவர்கள் இப்போதும் காலையில் ஆறு பேப்பர் வாங்குகிறார்கள். சம்பாதிக்காத ஆம்பளை என்ற பெயரும் ஒரு செலவுதான்.

ஆனால் ஒன்று. அந்தச் செலவுகளெல்லாம் தலைப்பு போட்டு எழுதக்கூடியவை. அடி வாங்கினால் சங்கம் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தும். தண்ணீர் குடிக்காததற்கு யார் ஆர்ப்பாட்டம் நடத்துவார்?

என் பட்டியலில் ஒரு கேள்விக்கு மட்டும் ஆணும் பெண்ணும் வேறு வேறு பதில் சொன்னார்கள். 'உங்க ஆபீஸ்ல ஆண் பெண் வித்தியாசம் பார்க்கிறாங்களா?'

ஆண்கள்: "சேச்சே, நம்ம ஆபீஸ்ல அதெல்லாம் கிடையாதுங்க. லேடீஸ்னா தனி மரியாதை!"

பெண்கள்: "பேர் போட மாட்டியே?"

சர்வதேசப் பெண்கள் ஊடக அறக்கட்டளை, ஏறக்குறைய 60 நாடுகளில் 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை அலசி 2011-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. முழுநேரப் பத்திரிகையாளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. நிர்வாகத்தின் உச்சியில் 27 சதவிகிதம்தான். அந்தத் தனி மரியாதை மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது.

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பக்கம் 2002-ல் 'கபர் லஹரியா' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். நிருபர்கள் எல்லாரும் கிராமத்துப் பெண்கள், பலர் தலித் பெண்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022 ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அதில் அவர்கள் ரோடு, கரண்ட், போலீஸ் ஸ்டேஷன் என்று கேட்கிற கேள்விகள் எல்லா நிருபரும் கேட்கிறவைதான். ஆனால் அந்த ஊரில், அந்த ஜாதியில் பிறந்த ஒரு பெண் அதிகாரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார் என்பதே ஒரு சம்பாத்தியம். வரவுப் பக்கத்திலும் சில பேருக்கு ஒரு வரி கூடுதலாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான்.

என் பன்னிரண்டு பேரில் ஒரு ஜோடி உண்டு. புருஷன், பொண்டாட்டி இருவரும் வேறு வேறு நாளிதழில் உதவி ஆசிரியர்கள். ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே படிப்பு. ஒரு பெண் குழந்தை, நாலாவது படிக்கிறது. அவர் எட்டு வருஷமாக நைட் ஷிப்ட். சொந்தக்காரர்கள், "ராத்திரி பூரா முழிச்சு வேலை பாக்குறான், பாவம்... கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு" என்று உருகுவார்கள். அந்த எட்டு வருஷத்தில், ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன வருஷம் இவள் முறை. இரவுப் பதிப்புக்குப் பொறுப்பு என்ற பதவி காலி. அதில் இரண்டு வருஷம் இருந்தவர்கள்தான் அடுத்து செய்தி ஆசிரியர் ஆக முடியும் என்பது அந்த ஆபீஸில் எழுதாத சட்டம். இவள் கேட்டாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், நைட்டு வேணாம். குழந்தை இருக்கு" என்றாராம் மேலதிகாரி. நல்ல மனுஷர்தான், நிஜமான அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம்.

"நல்லதுக்குன்னா, அதை எழுத்துல குடுங்க சார்" என்றிருக்கிறாள் இவள். அவர் எழுதித் தரவில்லை. ஒரு மாசம் இழுத்து, பதவியைத் தந்தார்.

வீட்டில் பெரிய யுத்தம் வெடிக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். மாமியார் சிவகங்கைப் பக்கம், பழைய ஆள். அந்தம்மா மகனைக் கூப்பிட்டு, "ஏப்பா, எட்டு வருசம் அவ பாத்தா. இனி நீ பகல் வேலைக்கு மாத்திக்கிட்டு வந்து புள்ளையப் பாரு" என்று இரண்டே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். மகன் மாற்றிக்கொண்டார். இப்போது சொந்தக்காரர்கள் உருகுவதில்லை. "ராத்திரி வீட்டுல இருக்க மாட்டாளாமே" என்று மட்டும் விசாரிக்கிறார்கள்.

அவள் சேர்ந்த முதல் வாரமே ஒரு சங்கடம். அந்த ஆபீஸில் பெண்கள் டாய்லெட் மூன்றாவது மாடி. ராத்திரி எட்டு மணிக்கு வாட்ச்மேன் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குமேல் அங்கே பெண்கள் இருந்ததே இல்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு நாள் அவரைத் தேடி அலைந்துவிட்டு, ஐந்தாம் நாள் இவளே தெரு முனையில் சாவி ரிப்பேர்காரரிடம் எண்பது ரூபாய் கொடுத்து மாற்றுச் சாவி போட்டுக் கொண்டாள். விடுவாளா, அந்த எண்பது ரூபாய்க்கு வவுச்சர் எழுதி ஆபீஸுக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் வவுச்சர் திரும்பி வந்தது. கணக்குப் பிரிவில் ஓரமாகப் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'இது எந்தத் தலைப்பின் கீழ் வரும்?'

என்னிடம் போனில் கேட்டாள். "ஏன்டீ, நீதான் பி.காம். ஆச்சே, என்னன்னு எழுத?"

'செய்தி சேகரிப்புச் செலவு' என்று எழுதச் சொன்னேன். பாஸாகிவிட்டது.